பஜ்ஜிக்குப் பயந்து விரதம் இருக்கும் என் மகனுக்கு

டேய் கண்ணா,

நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மத்தியானத் தூக்கத்தில் நீ விடுகிற குறட்டை எனக்கு இங்கே சமையல்கட்டு வரைக்கும் கேட்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. ஊர் அறிய நீ பெருமாளுக்கு விரதம். காலையில் உன் வருங்கால மாமனார் பள்ளிக்கரணையிலிருந்து போன் செய்து, "மாப்பிள்ளை பச்சைத் தண்ணிகூட பல்லுல படாம இருப்பாரே, சம்பந்தியம்மா, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று உருகினார். அந்த நேரம் மாப்பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து இரண்டாவது தட்டு ரவா உப்புமாவை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். "எப்படிம்மா இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தீங்க?" என்று வேறு கேட்டார். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லி வைத்தேன். அவர் சாமியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார், நான் சொன்னது உன்னை. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி முடித்துவிடுவாய். நேரில் பேசினால் "அம்மா, மீட்டிங்" என்று காதில் அந்தக் கொட்டையைச் செருகிக்கொள்வாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். முழுசாகப் படி. நடுவில் எழுந்து போனால் தெரியும் சேதி.

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று நினைத்துப் பார். பெண் பார்க்கப் போனோம். நித்யா வந்து காபி கொடுத்தாள், லட்சணமாக இருந்தாள், எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவளுடைய அம்மா தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி வைத்தாள். உனக்கு நன்றாகத் தெரியும், பஜ்ஜி உனக்கு ஆகாது, அதுவும் ஆறிப்போன வாழைக்காய் பஜ்ஜி. ஆனால் அந்தப் பெண் பார்க்கிறாள் என்கிற மிதப்பில் ஒரு பெரிய கடி கடித்தாய் பார், அப்புறம் மென்றாய், மென்றாய், மென்றுகொண்டே இருந்தாய். அவள் அப்பா தன் சர்வீஸ் கதை மொத்தத்தையும் சொல்லி முடித்தார். நீ இன்னும் அதே வாயோடு இருந்தாய். "ஏன் தம்பி, உப்பு கம்மியா?" என்று அவள் அம்மா கேட்கப் போக, நீ திருதிருவென்று முழித்து, "இன்னைக்கு சனிக்கிழமைங்க, விரதம், மறந்துபோய்க் கடிச்சுட்டேன்" என்றாயே! அடப்பாவி! வாயில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு விரதம் என்று சொன்ன பக்தனை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. அந்த வீடே பதறிப்போய், "துப்பிடுங்க தம்பி, சாமி குத்தம் ஆயிடும்" என்று வாஷ்பேசினுக்கு வழி விட்டது. நீயும் ராஜா மாதிரி போய்த் துப்பிவிட்டு வந்தாய். உன் அப்பா என் காதில், "பையன் பிழைச்சுக்குவான்" என்றார்.

சரி, ஒரு நாள் சமாளிப்பு என்று விட்டேன். அது வளர்ந்த வேகம் இருக்கிறதே! அடுத்த முறை விருந்துக்குக் கூப்பிட்டது திங்கட்கிழமை, உடனே சிவனுக்கு விரதம். செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு. புதனுக்குச் சட்டென்று சாமி கிடைக்காமல் ஆபீசில் புராஜெக்ட் டெலிவரி என்று சொன்னாய். இப்போது அந்த வீட்டில் உன்னைக் கிட்டத்தட்ட சித்தராக்கி வைத்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்தில் பந்தியில் உன்னை உட்கார வைக்காமல், தனி அறையில் வாழைப்பழமும் பாலும் கொடுத்தார்கள். ஒரு மாமி உன் காலில் விழப்போனாள், நான்தான் தடுத்தேன். "அவகிட்ட சொல்லிடுடா" என்றால், "கல்யாணம் ஆகட்டும்மா, மெதுவா சொல்லிக்கறேன், இப்ப சொன்னா குறை உள்ள பையன்னு நினைச்சுடுவாங்க" என்கிறாய். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. பிறக்கும்போதே உன் உணவுக்குழாயில் ஒரு இடம் குறுகலாக இருந்தது, அவ்வளவுதானே விஷயம்? இதில் நீ செய்த குற்றம் என்ன? உனக்கு உன் கதையே முழுசாகத் தெரியாது. பாதி நாங்கள் சொல்லவில்லை, மீதியில் எங்கள் மானம் போகும் என்று மறைத்தோம். இப்போது சொல்கிறேன், கேள்.

பால் குடித்தவரைக்கும் நீ குண்டுக் குழந்தை. கொஞ்சம் மெதுவாகக் குடிப்பாய், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்வாய், அவ்வளவுதான். ஆறு மாசம் முடிந்து திருநீர்மலைக் கோயிலில் முதல் சோறு ஊட்டினோம். நல்ல நேரம் பார்த்து, பட்டுச் சட்டை போட்டு, சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கையை நசுக்கி வாயில் வைத்தார்கள். சப்புக்கொட்டினாய். எல்லாரும் கை தட்டினோம். இன்னும் இரண்டு வாய் கொடுத்தோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய், அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது, உள்ளே போன பொங்கல் அத்தனையும் அப்படியே உன்னைத் தூக்கி வைத்திருந்த சித்தப்பாவின் புதுச் சட்டையில் வந்து விழுந்தது. முதல் தடவை, பழக்கமில்லை, சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. கஞ்சி கொடுத்தால் பாதி இறங்கும். மசித்த சாதம் கொடுத்தால் எல்லாம் திரும்பும். பருப்பு, இட்லி, வாழைப்பழம், எதுவும் நிற்கவில்லை. பசியில் வீல்வீல் என்று கத்துவாய், ஊட்டினால் கக்குவாய், மறுபடி கத்துவாய். தெருமுனை டாக்டர் பல் முளைக்கிற சமயம் என்றார். பக்கத்து வீட்டில் திருஷ்டி என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டே ஒரு மளிகைக் கடையைக் காலி செய்தேன். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று எடை இறங்கிக்கொண்டே வந்தது. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டும். நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

அப்போதுதான் யாரோ, "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துடுங்க" என்றார்கள். சாப்பிட்டது ஏதோ குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பெயர் தொக்கம். அதை வாயால் உறிஞ்சி எடுக்க ஆள் உண்டு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் ஒரு அம்மாள் இருந்தாள், வாசலில் போர்டே உண்டு. எம்.ஏ. படித்த நானும், குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பிரிவு இன்ஜினியரான உன் அப்பாவும், உன்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றோம். அந்த அம்மாள் உன் வயிற்றில் எண்ணெய் தடவி, கழுத்தில் வாயை வைத்து உர்ரென்று உறிஞ்சி, கிண்ணத்தில் துப்பினாள். பார்த்தால் அரைப் பட்டாணி! வறுத்த பட்டாணி, உப்பு போட்டது. "இன்னாம்மா இது, படிச்சவங்களா கீறீங்க, பச்சைப் புள்ளைக்குப் பட்டாணி குடுத்துகினு?" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது.

நம் வீட்டில் அப்போது பட்டாணி தின்கிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான், உன் சித்தப்பா. கல்யாணமாகாத பையன், வேலை தேடிக்கொண்டு நம்மோடு இருந்தான், தினமும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பொட்டலம் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். வந்ததும் வராததுமாக அவனைப் பிடித்துக்கொண்டேன். "நான் குடுக்கல அண்ணி, சத்தியமா குடுக்கல" என்று கற்பூரத்தை அடிக்கப் போனான். நான் விடவில்லை. "அப்ப பட்டாணி தானா நடந்து வந்து அவன் வாயில ஏறிச்சா?" என்று கேட்டேன். பல்லே இல்லாத குழந்தை பட்டாணியை எப்படிப் பாதியாக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை, உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை. மூன்று பேருமே பட்டதாரிகள். அன்றிலிருந்து அவனோடு நான் பேச்சை நிறுத்தினேன். சாப்பாடு போடுவேன், தட்டை 'ணங்' என்று வைப்பேன். பாவம், பட்டாணியை விட்டான், உன்னைத் தூக்குவதையும் விட்டான்.

நீ கக்குவதை நிறுத்தவில்லை. மறுபடி போனோம். இந்த முறை தேங்காய்ச் சில்லு வந்தது. சட்னிக்குத் துருவும்போது திருட்டுத்தனமாக வாயில் போட்டுக்கொள்கிற ஆள் உன் அப்பா. அவரோடும் பேச்சை நிறுத்தினேன். வீட்டில் இரண்டு ஆம்பளைகள் இருந்தும் நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை போனோம். உறிஞ்சித் துப்பினாள், பார்த்தால் நீளமாக ஒரு தலைமுடி. முழ நீளம். அப்போது எனக்கு இடுப்புவரை கூந்தல். உன் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! "இவ சொல்றது எல்லாம் சுத்தப் பித்தலாட்டம், கிளம்புங்க, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரி போறோம்" என்று எழுந்துவிட்டேன். கொழுந்தன் மேல் பழி வந்தபோது வராத அறிவு, என் மேல் பழி வந்ததும் குபுகுபுவென்று வந்துவிட்டது. இதை உன் சித்தப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான், சொல்லட்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. நிதானமாகக் கேட்டாள். "பால் இறங்குதா? தண்ணி? கெட்டியா குடுத்தா மட்டும் திரும்புதா? கக்கினது புளிச்ச வாடை அடிக்குதா?" யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் புளித்த வாடை அடித்ததில்லை, ஊட்டினது ஊட்டினபடியே வரும். "வயிறுவரைக்கும் போனாத்தானேம்மா புளிக்கும்? அது போகவே இல்லை" என்றாள். சுண்ணாம்பு கரைத்தமாதிரி ஒரு வெள்ளைத் திரவத்தை உன்னைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் அந்த வெள்ளை மேலே பையாக நின்றது, கீழே ஒரு இடத்தில் நூல் மாதிரி ஒழுகியது. உணவுக்குழாய் அந்த இடத்தில் பிறவியிலேயே குறுகியிருக்கிறது, பால் தப்பித்துப் போய்விடும், சோறு மாட்டிக்கொள்ளும் என்று விளக்கினாள். உன் அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. குழாய் என்றால் அவர் சாம்ராஜ்யம் இல்லையா? "எத்தனை இஞ்ச் லைன் டாக்டர்? அடைப்பு ஜாயின்ட்லயா, நடுவுலயா?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் அவர் காலை மிதித்தேன். "இது யாரு செஞ்ச தப்பு டாக்டர்? நான் மாசமா இருக்கும்போது ஏதாவது சாப்பிட்டேனா?" என்று கேட்டேன். "யார் தப்பும் இல்லம்மா. உள்ளே உருவாகும்போதே அப்படி ஆயிடுது" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் ஆள் ஆளாகத் திட்டித் தீர்த்தேன். திட்டுவதற்கு ஆளே இல்லாத வியாதியும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வைத்தியம் என்னவென்றால், மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, குறுகலான இடத்தில் ஒரு குட்டிப் பலூனை ஊதி அகலப்படுத்துவது. ஒரே தடவையில் முடியாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், குழாய் கிழிந்துபோகிற அபாயமும் உண்டு, பலிக்கவில்லை என்றால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்துப் போடும்போது என் பெயரே எனக்கு மறந்துபோனது. உன்னை உள்ளே கொண்டு போனபோது நான் பயந்து செத்தேன்டா. சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பக்கத்தில் உன் சித்தப்பா உட்கார்ந்திருந்தான். நான் பேசாமல் இருந்தும், தட்டை 'ணங்' என்று வைத்தும், அவன் வந்திருந்தான். அவன் தோளில் சாய்ந்துதான் அழுதேன். "வந்துடுவான் அண்ணி, அவன் உங்க புள்ளை, அடம் புடிச்சாவது வந்துடுவான்" என்றான். நீ வந்தாய். காலனியில் விஷயம் பரவி, பலூன் உள்ளேயே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதிர் வீட்டம்மா தன் பிள்ளைகளிடம், "அவனை இறுக்கிக் கட்டிப் புடிக்காதீங்க, வெடிச்சுடும்" என்று ரொம்ப நாள் எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பலூன் வைத்தியம் பல தடவை ஆன பிறகு, ஒரு காலைவேளையில் டாக்டரம்மா கெட்டியான சாப்பாட்டுக்குச் சம்மதம் சொன்னாள். இட்லியில் ஒரு சின்ன விள்ளல் எடுத்து, ரசத்தில் ஊறவைத்து, உன் வாயில் வைத்தேன். மூன்று பேரும் உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாய். காத்திருந்தோம். கண்ணில் தண்ணீர் வரவில்லை. நீ கையை நீட்டி "ம்" என்றாய், இன்னொரு வாய் கேட்டாய்! உன் அப்பா, "ஃப்ளோ வந்துடுச்சு, ஃப்ளோ வந்துடுச்சு" என்று கூடத்தில் குதித்தார். உன் சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து, என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய பொட்டலம் பட்டாணியைப் பிரித்து, ஒவ்வொன்றாக, கடக் கடக் என்று, கடைசிப் பட்டாணிவரை தின்றான். தடுக்கிற யோக்கியதை எனக்கு எங்கே இருந்தது?

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் அந்த இடம் மற்றவர்களுக்கு இருக்கிறமாதிரி ஒருநாளும் ஆகாது, சின்னச் சின்னதாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும் என்றார்கள். ஒரு தோசைக்கு ஒரு சீரியல் முடியும். பொத்தேரி காலேஜ் ஹாஸ்டலில் உன் சிநேகிதர்கள், "ஆன்ட்டி, இவன் டிபன் முடிக்கிறதுக்குள்ள லன்ச்சுக்கு மணி அடிச்சிடறாங்க" என்று என்னிடம் கோள் சொன்னார்கள். ஆனால் ஒருத்தனாவது உன்னை மெஸ்ஸில் தனியாக விட்டுவிட்டு எழுந்து போனானா? தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். எங்கிருந்தோ வந்த தடிப்பயல்களுக்குச் சொல்ல முடிந்தது, தாலி கட்டப்போகிறவளிடம் சொல்ல முடியவில்லையா?

உன் கூச்சத்துக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. போன மாசம் குரோம்பேட்டையிலிருந்து வாங்கி வந்த பிரியாணியில் ஒரு கறித்துண்டு உனக்கு மாட்டியதே, நினைவிருக்கிறதா? எச்சில்கூட இறங்காமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டு நின்றாய். முதுகில் குத்தக்கூடாது, தண்ணீரை ஊற்றி இறக்கப் பார்க்கக்கூடாது, நிமிர்ந்து உட்கார வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். டாக்டர் குழாய் விட்டு எடுத்தார், வீட்டுக்கு வந்தோம். அங்கே, உன் புதுக் குடித்தனத்தில், இதே நடந்தால்? விஷயம் தெரியாத பெண் என்ன செய்வாள்? பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை வாயில் கவிழ்ப்பாள். அந்தப் பயம்தான்டா எனக்கு. அவளுக்குத் தெரியாமல் உன்னை அவளோடு அனுப்ப என்னால் முடியாது.

இன்றைக்கு நீ தூங்கப் போனதும் நித்யா போன் செய்தாள். "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றாள். விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அவர்கிட்ட நீங்க சொல்லி, வாரத்துல ஒரே ஒரு விரதத்தைக் குறைச்சுக்கச் சொல்றீங்களா? எனக்கு முடியல அத்தை, தலை சுத்துது" என்றாள். "உனக்கு ஏம்மா தலை சுத்துது?" என்றேன். "அவர் பட்டினி கிடக்கிறப்ப எனக்கு மட்டும் எப்படி அத்தை சோறு இறங்கும்? நிச்சயம் ஆனதுலேர்ந்து நானும் இருக்கேன். கல்யாண ஜாக்கெட்டை ரெண்டு தடவை புடிச்சாச்சு, டெய்லர் அக்கா திட்டுறாங்க" என்றாள்.

நீ இங்கே உப்புமாவை மென்றுவிட்டுக் குறட்டை விடுகிறாய், அங்கே ஒரு பெண், எதைக் கொடுத்தாலும் இறங்கக்கூடிய தொண்டையை வைத்துக்கொண்டு, உனக்காகப் பட்டினி கிடக்கிறாள். "முதல்ல போய் சாப்பிடு. இது மாமியார் உத்தரவு" என்றேன். மருமகளுக்கு நான் போட்ட முதல் உத்தரவு இதுதான். போனை வைக்கும் முன்னால், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அப்பா கறி எடுக்கப் போறார். அவரைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்றார். ஞாயித்துக்கிழமையும் ஏதாவது விரதம் உண்டா அத்தை?" என்று பயந்து பயந்து கேட்டாள். "கிடையாது, வருவான், உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்னான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கோபம் வந்தால் வரட்டும்.

நாளைக்குப் பள்ளிக்கரணை போ. போனதும் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லு, பஜ்ஜியிலிருந்து பிரியாணிவரை. தொக்கம், பட்டாணி, என் முடி, எங்கள் மானம், எல்லாவற்றையும் சொல்லிக்கொள், பரவாயில்லை. மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்லு. அப்புறம் இலை போடச் சொல்லி அவள் எதிரில் உட்கார். கறியைப் பொடியாகப் பிய்த்துக்கொண்டு, உனக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்து மென்று சாப்பிடு. எல்லாரும் கை கழுவிவிட்டுப் போனாலும் நீ எழுந்திருக்காதே. இத்தனை நாள் வெறும் வயிற்றோடு உனக்காகக் காத்திருந்தவளுக்கு, நீ ஒரு இலைச் சோறு சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் காத்திருக்கத் தெரியாதா என்ன?

அம்மா